ஓசைப்படாமல்

மூவாயிரம் என்றாள் பெர்னதெத்.
அன்றைய மண்டி விலைக்கு
முப்பது கூடை தக்காளி.
பாதி முன்பணம்.
மூன்று நிமிடம், வயலின் மட்டும்,
வரி கிடையாது, பெயரும் வராது.
ஒரு திருத்தம் இலவசம்,
அடுத்ததற்கு ஐந்நூறு.

பாலக்கோடு தாலுகா ஆபீஸ் எதிரில்
பகலெல்லாம் ஜெராக்ஸ் எடுப்பாள்.
முகூர்த்த நாட்களில்
கீபோர்டுக்குப் பின்னால், மேடையின் இடது மூலையில்,
வீடியோக்காரன் திரும்பாத இடத்தில் நின்று வாசிப்பாள்.
எனக்குக் கல்யாண நாளுக்கு எட்டு நாள் இருந்தது.
பத்தொன்பது வருஷமும் சட்டைதான் எடுத்தேன்,
காக்கியிலேயே காலம் போகிற மனுஷனுக்கு.

"வீட்ல அவரு என்ன சத்தம் போடுவாரு?"
பட்டா நகல்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.
குறட்டையா, இருமலா, சண்டையா?
யோசித்தேன்.
பின்னால் ஒருவர் ஆதார் அட்டையோடு முட்டிக்கொண்டிருந்தார்.

முனிரத்தினம் ராத்திரி வண்டி,
சேலத்துக்கும் பெங்களூருக்கும்.
தருமபுரியில் டூட்டி மாற்றி வீடு சேர நாலரை.
தெருமுனையிலேயே ஸ்கூட்டரை அணைத்துவிட்டுத்
தள்ளிக்கொண்டு வருவார்.
இரும்புக் கேட்டை ஒரு கையால் தூக்கித் திறப்பார்,
தரையில் உரசாமல்.
செருப்பு கையில்.
சொம்பை எடுக்கும்போது
பக்கத்துத் தம்ளரை விரலால் அணைத்துக்கொள்வார்.
இதில் எதையும் நான் பார்த்ததில்லை.
விழித்துக்கொண்டு, கண்ணை மட்டும் மூடியபடி,
வராமல் போன சத்தங்களை
ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன்.

"சத்தமே போடமாட்டாரு" என்றேன்.
மெஷினின் மூடியைச் சாத்தினாள். வெளிச்சம் ஒருமுறை
போய்த் திரும்பியது.
"அப்ப வேலை ஜாஸ்திக்கா.
வேற எதைப் பத்தியாவது பேசுவாரா?"
தொப்பூர் இறக்கத்தைப் பற்றிப் பேசுவார்.
என்னைப் பற்றிக்கூட
அவ்வளவு பேசியதில்லை.

ஐந்தாம் நாள் போனுக்கு வந்தது.
மண்டியில் ஏலம் கத்திக்கொண்டிருந்தது,
கூடைகளுக்கு நடுவே குந்தி, காதில் வைத்துக் கேட்டேன்.
பதினெட்டு நொடி ஒன்றுமே இல்லை.
போனை உதறிப் பார்த்தேன்.
பிறகு ஒற்றைத் தந்தி,
குதிகால் வைத்த மாதிரி.
மறுபடி ஒன்றுமில்லை.
பிறகு நீளமாக ஓர் இறக்கம், அவசரமே இல்லாமல்,
வில்லுக்கு அடியில் ஐம்பது பேர்
தூங்கிக்கொண்டிருக்கிற மாதிரி.
எல்லாம் சரி. முடிவுதான் அழுதது.
இலவசத் திருத்தத்தை அதில் செலவழித்தேன்.
மறுநாள் வந்ததில் முடிவே இல்லை,
வாசலுக்கு வெளியே யாரோ
நின்றுவிட்ட மாதிரி நின்றது.

கட்டில் விளிம்பில் லுங்கியோடு உட்கார்ந்து கேட்டார்.
"யாரு செத்துட்டாங்க?" என்றார்.
உங்களுக்குத்தான், நீங்கள்தான், காசு கொடுத்து, என்றெல்லாம்
குழறிச் சொன்னேன்.
என்னைப் பார்க்கவில்லை.
மறுபடி போட்டார்.
இறக்கம் வந்தபோது வலது பாதம் தரையில்
லேசாகத் தூக்கி நின்றது.
"இந்த எடத்துல பிரேக்கு மிதிக்கக் கூடாது.
கியர்லயே எறக்கணும்.
வாசிச்ச பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு."
எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

அவ்வளவுதானா என்று
நீலச் சட்டை ஒன்றையும் எடுத்து வைத்தேன்,
எதற்கும் இருக்கட்டும் என்று.

மூன்றாம் நாள் நாலரைக்கு
தெருமுனையில் விசில் கேட்டது.
நாய் எழுந்தது. எதிர்வீட்டுக் கெம்பம்மா
விளக்கைப் போட்டாள்.
ஸ்கூட்டர் வாசல்வரை ஓடியே வந்தது.
கேட்டு தரையைக் கீறித் திறந்தது,
இரண்டு பக்கமும்.
தம்ளர் விழுந்தது.
அன்றிலிருந்து தினமும். கெம்பம்மா என்னோடு பேசுவதில்லை.
அதிலும் இறக்கம் தொடங்குகிற இடத்தில்
ஒரு சுரம் தப்பு, தினமும் அதே தப்பு.
படுத்தபடியே பல்லைக் கடிக்கிறேன்.

பெர்னதெத்திடம் போய்ச் சொன்னேன்.
எச்சில் தொட்டுத் தாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.
"இனிமே திருத்தம் ஐந்நூறு.
எதை? பாட்டையா, ஆளையா?"

தக்காளி விலை ஏறட்டும்,
யோசிக்கலாம் என்றேன்.